மர்ம விலங்கைத் தேடுவது யார்? கூகுள் ட்ரெண்ட்ஸ் பார்க்கக் கற்றுக்கொள்வோம்

"மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி" என்ற தலைப்பை நாளிதழில் பார்க்காதவர்கள் நீலகிரியில் இருக்க மாட்டார்கள். கோத்தகிரியில் ஒரு வீட்டு சிசிடிவியில் கருப்பாக ஏதோ கடந்தால் போதும், விடிவதற்குள் அந்த வீடியோ குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். இந்த ஆர்வத்தை அளந்து பார்க்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். அதற்கான கருவி கூகுள் ட்ரெண்ட்ஸ். இலவசம்தான், போனிலேயே பார்க்கலாம்.

கோடு ஏறியதைப் பார்த்த உடனே "மக்கள் இதை நம்புகிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. அதில் விழாமல் இருக்கும் வழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

கூகுளில் "கூகுள் ட்ரெண்ட்ஸ்" என்று தேடித் திறந்து, எக்ஸ்ப்ளோர் பகுதிக்குப் போங்கள். ஒரு சொல்லைக் கொடுத்ததும் 0 முதல் 100 வரை ஒரு கோடு வரும். 100 என்றால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த காலத்துக்குள், மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு எப்போது உச்சமாக இருந்ததோ அந்தப் புள்ளிதான் 100. 50 என்றால் அதில் பாதி. காலத்தையோ இடத்தையோ மாற்றினால் எல்லா எண்களும் மாறிவிடும். ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே இடத்தையும் காலத்தையும் குறித்துவையுங்கள்.

படி 2: எட்டியை வைத்துப் பழகுங்கள்

இமயமலைப் பனிமனிதன் எட்டியின் பெயரை ஆங்கிலத்தில் தட்டுங்கள். இடம் இந்தியா. காலம் 2004 முதல் இன்றுவரை, ஏனென்றால் தரவு அந்த ஆண்டிலிருந்துதான் இருக்கிறது.

2019 ஏப்ரல் கடைசியில் கோடு செங்குத்தாக எழும். ஏப்ரல் 29 அன்று இந்திய ராணுவம், நேபாளத்தின் மகாலு மலை அடிவார முகாமுக்கு அருகே தன் மலையேற்றக் குழு கண்ட காலடித் தடங்கள் என்று ட்விட்டரில் படங்களை வெளியிட்டது. 32 அங்குல நீளம், 15 அங்குல அகலம், எட்டியுடையதாக இருக்கலாம் என்றது அந்தப் பதிவு. அடுத்த நாள் நாடே தேடியது.

இப்போது கால வரம்பைக் குறுக்கி, 2019 ஏப்ரல் 20 முதல் மே 15 வரை மட்டும் வையுங்கள். சில ஆண்டுகளை ஒன்றாகப் பார்த்தால் வாரக் கணக்கில், இன்னும் நீண்ட காலத்துக்கு மாதக் கணக்கில் வரும் புள்ளிகள் இப்போது நாள் கணக்கில் வரும். ஏறியதை விட்டுவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று பாருங்கள். ஒரு ஊரே ஒன்றை நம்பிக் கிடந்தால் கோடு இப்படி விழாது. படம் வந்தது, "அது என்ன?" என்று கேட்டார்கள், பதிலைப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். எட்டியுடையவை என்று பாதுகாத்துவந்த எலும்பு, முடி உட்பட ஒன்பது மாதிரிகளை மரபணுவில் ஆராய்ந்து, எட்டு கரடியுடையவை, ஒன்று நாயுடையது என்று 2017-லேயே ஒரு ஆய்வு சொல்லிவிட்டது. தேடிய பலருக்கு அன்றுதான் அந்த விவரம் கிடைத்திருக்கும். அதனால் இந்தத் தேடலை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. கேள்வி கேட்பது நல்ல பழக்கம்.

படி 3: சொல் ஒன்று, பொருள் வேறு

கால வரம்பைத் திரும்ப 2004 முதல் இன்றுவரை என்று ஆக்கி, அதே கோட்டில் 2023 ஜனவரியைத் தொடுங்கள். அங்கேயும் ஓர் ஏற்றம். அதற்கும் பனிமனிதனுக்கும் சம்பந்தமில்லை. ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து, அதில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். அந்தத் துயரத்தை "பனிமனிதன் மோகம்" என்று யாராவது எழுதிவிட்டால் எவ்வளவு பெரிய அபத்தம்!

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. கருஞ்சிறுத்தையை ஆங்கிலத்தில் "பிளாக் பேந்தர்" என்று தேடினால் 2018 பிப்ரவரியில் கோடு வானத்துக்கு ஏறும். அது அந்த மாதம் வந்த ஹாலிவுட் படம். குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் நடமாடும் விலங்கு அந்தக் கூட்டத்துக்குள் காணாமல் போய்விடும்.

தப்பிக்க இரண்டு வழிகள். பெட்டியில் தட்டும்போது கீழே பரிந்துரைகள் வரும். வெறும் தேடல் சொல்லை விட்டுவிட்டு, விலங்கு என்றோ புராண உயிரினம் என்றோ குறித்திருக்கும் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அது பல மொழித் தேடல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். அப்புறம், பக்கத்தின் கீழே உள்ள தொடர்புடைய தேடல்களைக் கட்டாயம் படியுங்கள். விமானம், நடிகர், கார் என்று வந்தால் உங்கள் கோடு வேறு கதை சொல்கிறது. அங்கே சில சொற்களுக்கு எதிரே சதவீதத்துக்குப் பதிலாக "பிரேக்அவுட்" என்றிருக்கும். அந்தத் தேடல் 5000 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது என்று பொருள். முன்பு யாருமே தேடாத சொல் என்றால் சிறு கூட்டமே அதற்குப் போதும், மலைத்துவிடாதீர்கள்.

படி 4: ஏற்றத்துக்குக் காரணம் கண்டுபிடியுங்கள்

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் மர்ம விலங்கைத் தேடிப் பாருங்கள், உலகம் முழுக்க. 2015 ஏப்ரலில் ஓர் உச்சம். ஏரியில் எதுவும் தலைதூக்கவில்லை. அந்த விலங்கைக் காட்டுவதாக 1934 ஏப்ரல் 21-இல் வெளியான புகழ்பெற்ற புகைப்படத்தின் ஆண்டுநாளுக்குக் கூகுளே தன் முகப்பில் ஒரு சித்திரம் போட்டது. அந்தப் புகைப்படம் பொம்மை நீர்மூழ்கியை வைத்து எடுத்த மோசடி என்பது 1994-லேயே வெளியாகிவிட்டது. ஆர்வத்தை அளக்கும் நிறுவனமே ஆர்வத்தைக் கிளப்பிய நாள் அது!

2019 செப்டம்பரையும் பாருங்கள். ஏரி நீரில் கலந்திருந்த மரபணுக்களை ஆராய்ந்த நியூசிலாந்து விஞ்ஞானிகள், ஊர்வன இனத்தின் தடயம் இல்லை, விலாங்கு மீனின் மரபணு நிறைய இருக்கிறது என்றார்கள்.

படி 5: நம் மலைக்கு வாருங்கள்

இடத்தைத் தமிழ்நாடு ஆக்கி, "மர்ம விலங்கு", "கருஞ்சிறுத்தை" இரண்டையும் தமிழிலேயே தட்டி ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் பல சொற்களைக் கொடுக்கலாம். 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கு ஆட்களைக் கொன்றதாகத் தேடப்பட்ட டி23 என்ற புலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடலூர், மசினகுடிப் பக்கம் 21 நாள் தேடி, அக்டோபர் 15 அன்று பிடித்தார்கள். உயிர் பறிபோன, வெளியே போகவே மக்கள் பயந்த நாட்கள் அவை. எட்டிக்கு வந்த தேடலையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முன்னது வேடிக்கை, பின்னது பயம்.

ஊர் அளவுக்கு இறங்கினால் பெரும்பாலும் கோடே வராது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம்தான். தேடல் குறைவாக இருந்தால் கூகுள் 0 என்றே காட்டும். அதை "ஆர்வமில்லை" என்று படிக்காதீர்கள். பள்ளத்தில் ஏதோ உறுமினால் இங்கே யாரும் முதலில் கூகுளைக் கேட்பதில்லை. பக்கத்து லைன் வீட்டு அண்ணனைக் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், வனக்காவலரைக் கேட்பார்கள்.

கீரியைப் போல நீண்ட உடம்புள்ள சிறு வேட்டை விலங்கான நீலகிரி மார்ட்டெனையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே மார்ட்டென் இனம். கரும்பழுப்பு உடம்பு, தொண்டையிலிருந்து நெஞ்சுவரை பளிச்சென்ற மஞ்சள். சோலைக்காட்டில் நிஜமாகவே வாழும் இதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கருஞ்சிறுத்தையும் தனி இனமல்ல, நிறமி கூடிப் பிறந்த சிறுத்தைதான். சாய்ந்த வெயில் பட்டால் கருப்புக்குள்ளேயே அதன் புள்ளிகள் தெரியும். எட்டிக்குக் கிடைக்கும் கவனத்தில் கொஞ்சமாவது இவற்றுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 6: குறித்துவையுங்கள்

கோட்டின் மேல் மூலையில் உள்ள பதிவிறக்க அம்புக்குறியை அழுத்தினால் தரவு எக்செல்லில் திறக்கும் கோப்பாக வரும். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வோர் உச்சத்துக்கும் அந்த வாரச் செய்தியைத் தேடிக் காரணத்தை எழுதுங்கள். காரணம் கிடைக்காத உச்சத்துக்கு எதிரே வெற்றிடமாகவே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். முடிந்ததும் இணையத் தேடல் என்பதை யூடியூப் தேடலாக மாற்றி அதே சொற்களைத் திரும்பப் பாருங்கள். அங்கே தரவு 2008 முதல் கிடைக்கும்.