ரிசார்ட்ல பார்க்கிங் கிடைக்காம அலைஞ்சதும், அப்புறம் நான் பண்ணதும்

போன தடவை ரிசார்ட்டுக்குப் போய்ச் சேரும்போது நைட் எட்டரை மணி, பார்க்கிங்ல மூணு ரவுண்டு சுத்தியும் ஒரு இடம் இல்ல, பின் சீட்ல பாப்பா ஒரு கால்ல செருப்போட தூங்கிட்டு இருக்கா, கேட்டா அன்னைக்கு உள்ள ஒரு கல்யாண ரிசப்ஷனாம். கடைசில ரோட்டோரமா நிறுத்திட்டு, அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு பெட்டியை இழுத்துட்டே நடந்தோம். ரூமுக்குக் காசு கட்டினவங்களுக்கு ஒரு இடம் கூட வைக்கலன்னா எப்படிங்க?

இந்த தடவை புக் பண்றதுக்கு முன்னாடியே நேரா ரிசப்ஷனுக்குப் போன் போட்டுட்டேன். "பார்க்கிங் இருக்கா"ன்னு மட்டும் கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க, அதனால "என் ரூமுக்குன்னு இடம் ஒதுக்குவீங்களா, இல்ல முதல்ல வர்றவங்களுக்கா, அன்னைக்கு ஃபங்ஷன் ஏதாவது இருக்கா"ன்னு கேட்டேன். ஃபங்ஷன் இருக்கு, ஒதுக்க முடியாதுன்னு உண்மையைச் சொல்லிட்டாங்க. (ஒதுக்குறோம்னு சொன்னா மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.)

சரி, டைமை மாத்தினேன். செக் அவுட் 11 மணி, அதுக்கப்புறம்தான் வண்டிங்க கிளம்பும், அதனால செக் இன் 3 மணின்னாலும் நாங்க 12 மணிக்கே போயிட்டோம். வாசல்ல குடும்பத்தையும் பெட்டியையும் இறக்கிட்டு செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்டேன், யாரு காலி பண்றாங்கன்னு அவருக்குத்தான் தெரியும், பின்பக்கம் மரத்தடியில ஒரு இடம் காட்டினார். பெட்டியை ரிசப்ஷன்ல குடுத்து டோக்கன் வாங்கிக்கிட்டோம். சாயங்காலம் வெளிய போக டாக்ஸிதான், காரைத் தொடவே இல்ல, எடுத்தா அந்த இடம் போயிடும்.