சொட்டு மருந்துக்கு அடங்காத பூனைக் கண் வீக்கம்

எங்கள் பூனைக்கு முதலில் ஒரு கண் மட்டும் சிவந்து, இமையின் உட்புறம் வீங்கி நீர் வடிந்தது. சில நாள்களில் மறு கண்ணிலும் அதே நிலை. தும்மல் லேசாகத்தான் இருந்தது. சொட்டு மருந்து விட்டால் தணியும், நிறுத்தினால் திரும்பும். வடிந்த சீழைச் சோதித்தும் ஒன்றும் தெரியவில்லை.

வேறொரு மருத்துவர் இமையின் உட்தோலைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். அவர் சந்தேகித்த கிளமிடியா ஃபெலிஸ் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. சீழில் மட்டும் தேடினால் தப்பிவிடலாம். அதுதான் என்று முடிவு வந்ததும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 4 வாரம், அறிகுறியே இல்லாத பூனை உட்பட வீட்டிலுள்ள அத்தனைக்கும். மாத்திரை கொடுத்தவுடன் தண்ணீரோ உணவோ கட்டாயம் புகட்ட வேண்டும்; தொண்டையில் தங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். கண் சீக்கிரமே தெளிந்தாலும் நாங்கள் இடையில் நிறுத்தவில்லை. வீக்கம் திரும்பவே இல்லை. பெரும் நிம்மதி.