மச்சில் கிடக்கும் பெட்டியிலிருந்து ஆவணக் காப்பகம் வரை: குடும்பக் காகிதங்களைக் காப்பாற்ற ஒரு செய்முறை

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பழைய வீடு உள்ள எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது என்பார்கள். மச்சில் கிடக்கும், இல்லாவிட்டால் அரங்கில் (உள் அறையில்) ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, பழைய பேப்பருதான்" என்பார்கள். அந்தப் பழைய பேப்பருக்குள் தாத்தா கொழும்பிலிருந்து போட்ட கடிதங்கள் இருக்கும், ஆச்சி கல்யாணத்து மொய் நோட்டு இருக்கும், ஒத்திச் சீட்டு, நெல் கணக்கு, கருப்பட்டி வியாபாரச் சிட்டை, பூச்சி அரித்த ஜாதகம் எல்லாம் இருக்கும். வீட்டை இடிக்கிற அன்று முதலில் எடைக்குப் போவதும் இதுதான்.

அரசாங்கம் எழுதி வைத்தது பத்திரமாகவே இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909இல் கட்டிய கட்டிடம், பழைய திருநெல்வேலி ஜில்லா கலெக்டர்களின் எழுத்துப் போக்குவரத்து அங்கே இருக்கிறது. சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகள் பாளையங்கோட்டையிலிருந்தும் மெஞ்ஞானபுரத்திலிருந்தும் லண்டனுக்கு எழுதியவை இன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆனால் கலெக்டர் கிஸ்தி, அதாவது நிலவரி, எவ்வளவு விதித்தார் என்பதுதான் எழும்பூரில் தெரியும். அந்தக் கிஸ்தியைக் கட்ட எந்த நகை யார் வீட்டுக்கு அடகு போனது என்பது உங்கள் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வேலையைச் செய்யச் சொல்கிறேன். பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். பொறுமையும் ஒரு பென்சிலும் மொபைலும் இருந்தால் போதும்.

1. திறந்ததும் எதையும் பிரிக்காதீர்கள்

எல்லாரும் முதலில் செய்வது கடிதத்தை ஒரு பக்கம், பத்திரத்தை ஒரு பக்கம், போட்டோவை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்குவது. தயவுசெய்து வேண்டாம். எந்தத் தாள் எந்தத் தாளோடு சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு செய்தி. ஒரு புரோநோட்டுக்குள் ஒரு போஸ்ட் கார்டு மடித்து வைத்திருந்தால், அந்தக் கடன் எதற்கு வாங்கியது என்ற காரணம் பெரும்பாலும் அந்தக் கார்டில் இருக்கும். தனித்தனியாகப் பிரித்துவிட்டால் ஒன்று வெறும் கடன் சீட்டு, இன்னொன்று வெறும் நலம் விசாரிப்பு.

ஆகவே பெட்டியை மூடி திறந்த நிலையில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டையும் எடுக்கும்போது ஒரு படம். கட்டியிருக்கிற துணிநாடா, கட்டு மேலே எழுதியிருக்கிற துண்டுச் சீட்டு எல்லாம் படத்தில் வரட்டும். கட்டுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து அதே வரிசையில் வையுங்கள்.

வேலை செய்ய பட்டாசலில் (கூடத்தில்) ஒரு பெஞ்சைப் போட்டு மேலே வெள்ளை வேட்டி விரித்தால் போதும். கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய்க் கையோடு தொட்ட தாளில் கறை போகவே போகாது. காப்பி டம்ளர் அந்தப் பக்கமே வரக்கூடாது.

2. பெரியவர்களிடம் கேட்பது இப்போதே

தாளை அடுத்த மாதம் கூடப் பார்த்துக்கொள்ளலாம், ஆளுக்கு அப்படி இல்லை. ஆச்சியோ பெரியப்பாவோ இருந்தால் முதலில் போட்டோக்களைக் காட்டிப் பேச வையுங்கள், மொபைலில் குரல் பதிவு ஓடட்டும். "இது யாரு?" என்பதோடு நிறுத்தாமல், "நமக்கு என்ன முறை, எந்த ஊர்ல வாக்கப்பட்டா, இந்தப் படம் எதுக்கு எடுத்தது?" என்று கேளுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே கட்டில் ஒரே பெயரில் மூன்று தலைமுறை ஆட்கள் வருவார்கள். எந்தக் கடிதம் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல அவர்களால்தான் முடியும். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதவே கூடாது, மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுங்கள்.

3. சுத்தம் செய்வது, அதாவது குறைவாகச் செய்வது

உலர்ந்த மென்மையான பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசி தட்டுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள்; ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொண்டு மெதுவாக நகர்த்துங்கள். பிடித்துக்கொண்டு வராவிட்டால் அப்படியே விடுங்கள். மடிந்து உடையும் நிலையில் உள்ள தாளைக் கட்டாயமாக விரிக்க வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. செல்லோ டேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. பாசத்தோடு லேமினேட் செய்து கெடுத்த பத்திரங்கள் ஊர் ஊராக இருக்கின்றன.

கடுக்காய் மையால் எழுதிய தாள்களில் எழுத்து இருக்கும் இடமே பொடிந்து ஓட்டையாகியிருக்கும். அந்த மையில் இரும்புச் சத்தும் அமிலமும் உண்டு, ஈரம் பட்டால் அரிப்பு கூடும். அதைத் தொடாமல் ஒரு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். ஓலைகள் இருந்தால், ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க முயல வேண்டாம். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித்துறை இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்கு ஏடு தேடிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளுக்கு வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. நம்ம பக்கத்து ஓலையை லேசாக நினைக்க வேண்டாம்.

4. தேதி கண்டுபிடிப்பது

எனக்குப் பிடித்த வேலை இதுதான். பழைய நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே "உ", கீழே ஒரு வரி இப்படி இருக்கிறது: ௲௮௰௫ ௵ ஆவணி ௴ ௰௨ ௳. இதில் ௵ என்றால் வருஷம், ௴ மாசம், ௳ தேதி. ௲ ஆயிரம், ௰ பத்து. ஆக 1085ஆம் வருஷம் ஆவணி 12.

1085 என்றதும் சோழர் காலம் என்று நினைத்துவிடாதீர்கள், அது கொல்லம் ஆண்டு. மலையாளத்தை ஒட்டிய பகுதி என்பதால் திருநெல்வேலிச் சீமையில் அது புழக்கத்தில் இருந்தது. இங்கே அந்த ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை உள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரி பிறந்தது முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். நம்ம நோட்டு 1909 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எழுதியது. அதே 1085இல் மாசி மாசம் போட்டிருந்தால் 1910.

கடிதங்களில் பெரும்பாலும் தாது, ஈஸ்வர, விக்கிருதி என்று வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் தாது என்றால் 1876-77ஆகவும் இருக்கலாம், அந்தப் பெரும்பஞ்ச வருஷம், 1936-37ஆகவும் இருக்கலாம். எது என்று எப்படிச் சொல்வது? போஸ்ட் கார்டில் எழுதியிருந்தால் 1876 இல்லவே இல்லை, இந்தியாவில் போஸ்ட் கார்டு வந்ததே 1879இல்தான். கவர் என்றால் தலை முத்திரையில் விக்டோரியா ராணியா, பிற்கால ராஜாவா என்று பாருங்கள். நயா பைசா இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

செங்கோட்டைப் பக்கத்துப் பெட்டி என்றால் சங்கு முத்திரையும் சக்கரக் கணக்கும் (சக்கரம் என்பது திருவிதாங்கூர்க் காசு) வரும், 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். கணக்கு நோட்டில் ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். நெல் அளவைக் கோட்டைக் கணக்கில் எழுதியிருப்பார்கள், 21 மரக்கால் ஒரு கோட்டை. நிலத்தைக்கூட இத்தனை கோட்டை விதைப்பாடு என்று விதை அளவில்தான் சொல்லியிருப்பார்கள்.

5. பட்டியல்

நோட்டிலோ எக்செல்லிலோ போடலாம். கட்டு எண், தாள் எண், தேதி (தாளில் உள்ளபடியும் நீங்கள் கணக்கிட்டபடியும்), என்ன வகை, யார் யாருக்கு, எந்த ஊர், எத்தனை பக்கம், என்ன நிலையில் இருக்கிறது. ஊகமாக எழுதினால் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

ஊர் விஷயத்தில் கவனம் வேண்டும். தாளில் "திருநெல்வேலி ஜில்லா" என்றிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் 1910இல் ராமநாதபுரத்துக்குப் போனது. கோவில்பட்டியும் திருச்செந்தூரும் 1986இல் தனி மாவட்டத்துக்குப் போயின. தென்காசி 2019இல் பிரிந்தது. தாளில் உள்ள பெயரை மாற்றாமல் எழுதி, இன்றைய மாவட்டத்தைப் பக்கத்தில் குறியுங்கள்.

"இதெல்லாம் முக்கியமா?" என்று தோன்றும் தாள்களைத் தள்ளிவிடாதீர்கள். சுதேசிக் கப்பல் கம்பெனியின் 25 ரூபாய் பங்குப் பத்திரம் கிடைத்தால் வீடே கொண்டாடும், சரிதான். ஆனால் மொய் நோட்டைப் பாருங்கள்: எந்தெந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், யார் பணமாகத் தந்தார்கள், யார் அரிசியும் தேங்காயும் தந்தார்கள், யார் பெயரை அண்ணாச்சி என்று எழுதியிருக்கிறது, யாரை வெறும் பெயரால் எழுதியிருக்கிறது. ஒரு ஊரின் உறவும் ஏற்றத்தாழ்வும் அதில் வரிசையாக நிற்கிறது. வேறெந்த அலுவலகமும் இதை எழுதி வைக்கவில்லை.

6. படம் எடுப்பது

தார்சாவில் (முன் தாழ்வாரத்தில்) நேர் வெயில் விழாத காலை வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். தாளுக்கு நேர் மேலே மொபைலைப் பிடியுங்கள், ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் தாளுக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. கோப்புக்குப் பட்டியல் எண்ணையே பெயராக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில், மகன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ.

7. திரும்ப வைப்பதும், நனைந்தால் செய்வதும்

மச்சு வேண்டாம், வெயில் காலத்தில் கொதிக்கும். தரையும் வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டாமல் உள் அறையில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். அமிலமில்லாத தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கஞ்சி போடாத, துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் பொதியுங்கள். பாச்சா உருண்டை தாள்மேல் படக்கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைப்பது நம் வழக்கம், அதைச் செய்யலாம். ஆனால் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு ஈடான மருந்து கிடையாது.

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் மறக்க முடியாதது. எத்தனையோ வீட்டுப் பீரோக்கள் அன்று தண்ணீருக்குள் நின்றன. நனைந்த தாளை வெயிலில் போடாதீர்கள், சுருண்டு மை ஓடும். ஃபேன் காற்றில், நிழலில், நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை வரத் தொடங்கும். எல்லாவற்றையும் உடனே உலர்த்த முடியாவிட்டால் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். ஒட்டிக்கொண்ட போட்டோக்களை இழுத்துப் பிரிக்காதீர்கள்.

8. காப்பகத்துக்குக் கொடுப்பது

கட்டாயம் கிடையாது, ஆனால் வீட்டில் அடுத்த தலைமுறை கவனிக்காது என்று தெரிந்தால் யோசியுங்கள். இன்றும் செல்லுபடியாகிற மூலப் பத்திரம், பட்டா இவற்றின் அசலைக் கொடுக்க வேண்டாம், படம் மட்டும் போதும்.

மூன்று வழி உண்டு: முழுவதும் அன்பளிப்பாகக் கொடுப்பது, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்குக் கொடுப்பது, மின்பிரதி மட்டும் கொடுப்பது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகக் கிராமத்து வீடுகளில் இருந்த விவசாயக் குடும்ப ஆவணங்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது, மூன்றாவது வழிக்கு அது நல்ல முன்மாதிரி. நம் பக்கத்தில் அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிலும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பழைய நூல், நோட்டீஸ் போன்ற அச்சுப் பொருள் என்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகம்.

கொடுக்கும் முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரிடமும் சம்மதம் கேளுங்கள், பெட்டி குடும்பத்தின் பொதுச் சொத்து. உயிரோடு இருப்பவர்களின் நோய், வழக்கு, குடும்பச் சண்டை பற்றிய தாள்களைத் தனியே குறித்து, இத்தனை வருஷம் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போடலாம். வெட்கப்பட வைக்கும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஆளை அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலை உங்கள் வீட்டில் இருந்தால், எழுதப்பட்ட அந்த மனிதரின் வம்சத்துக்கு வேறு சான்றே இல்லாமல் இருக்கலாம். கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், அதையும் காப்பகத்திடம் சொல்லிவிடுங்கள்.

கொடுக்கிற அன்று பட்டியலில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டு கட்டாக எண்ணிச் சரிபார்த்து, நிபந்தனைகளை எழுத்தில் சேர்த்து, அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு பிரதியை வாங்கி வாருங்கள். சேர்க்கை எண் என்று ஒன்று தருவார்கள். அதை வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிகிற இடத்தில் எழுதி வையுங்கள், பின்னால் யார் போய்க் கேட்டாலும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடி எடுப்பார்கள்.