ஏர் ரைபிள் கட்டைக்குப் புது மெருகு

ஏர் ரைபிளின் மரக்கட்டையில் வார்னிஷ் உரிந்து, அங்கங்கே பள்ளம் விழுந்திருந்தால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். குண்டு இல்லை என்று உறுதி செய்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கட்டையைத் தனியே எடுங்கள். பழைய வார்னிஷைப் பெயிண்ட் ரிமூவரால் நீக்குங்கள்.

இப்போது பள்ளங்கள். நார் அறுபடாமல் வெறுமனே அமுங்கிய இடம் என்றால், ஈரப் பருத்தித்துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் சில நொடிகள் அழுத்துங்கள். நீராவி உள்ளே போய் மரநார் உப்பிக்கொண்டு மேலே வரும். தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம். தேய்த்துச் சமன் செய்தால் அவ்வளவு மரம் வீணாகும், பிடியின் வடிவமும் கெடும்.

நன்றாகக் காய்ந்தபின் 180, 240, 320 எண் உப்புத்தாள்களால் படிப்படியாக, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். பிடியில் கட்டம் கட்டமாகச் செதுக்கிய இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது; பழைய டூத் பிரஷ் போதும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார்முனைகள் சிலிர்க்கும். காய்ந்ததும் 400 எண் தாளால் லேசாகத் தேயுங்கள்.

பிறகு பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது சீக்கிரம் காயும்படி பக்குவப்படுத்திய ஆளிவிதை எண்ணெய். சில துளிகளை உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும்! வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.