டூயல் பூட் சொதப்பிவிட்டதா? இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

ஆடிக் காற்றில் ஊட்டியிலோ கூடலூரிலோ மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பேட்டரி செத்த லேப்டாப்பில் டூயல் பூட்டுக்காக, அதாவது விண்டோஸோடு உபுண்டுவையும் வைத்துக்கொள்ள, அதை ஏற்றும்போது அப்படி நின்றுபோனால், அடுத்து ஆன் செய்கையில் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' (உபுண்டுவின் பூட் புரோகிராம் தன் ஃபைல்களைக் காணாமல் நிற்கும் இடம்) வந்து நிற்கலாம். பதறி ஃபார்மட் செய்வதுதான் முதல் தவறு. பெரும்பாலும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். பூட் ஆகிற வழிதான் தொலைந்திருக்கும். விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அது இருக்கும் பகுதியைச் சுருக்கும்போதே நின்றிருந்தால் கதை வேறு. அப்போது எந்த ரிப்பேரையும் ஓட்டாமல், லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து முக்கியமானதை வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள்.

ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என உங்கள் மாடலுக்குரிய பட்டனைத் தட்டி பூட் மெனுவைப் பாருங்கள். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். இதைக்கூடப் பார்க்காமல் மலையிறங்கி மேட்டுப்பாளையம் வரை லேப்டாப்பைத் தூக்கிப் போவானேன்?

நீலத்திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) எதை மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியவில்லை என்று டிஸ்க் இயங்கும் முறையை ஆர்எஸ்டியிலிருந்து ஏஹெச்சிஐ ஆக்கியிருப்பீர்கள். பழையபடி மாற்றினாலே விண்டோஸ் எழுந்துவிடும்.

பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் சின்னதாக, பெரும்பாலும் 100 எம்பியில், ஃபேட்32 வடிவில் இருக்கும். 'இத்தனூண்டு எதற்கு' என்று அதை அழித்தாலோ ஃபார்மட் செய்தாலோ விண்டோஸின் பூட் ஃபைல்களும் சேர்ந்தே போகும். போய்விட்டாலும் மீட்கலாம்: விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் ரிப்பேர் பக்கம் போய், கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பிசிடிபூட்' கட்டளை கொடுத்தால் அவற்றைத் திரும்ப எழுதும். பழைய வீடியோக்களில் வரும் 'ஃபிக்ஸ் எம்பிஆர்' யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) மெஷினில் உதவாது. பென்டிரைவையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும். பழைய முறையான லெகசியில் நுழைந்தால் ரிப்பேர் தப்பான இடத்தில் நடக்கும்.

செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் பயாஸ் பாதுகாப்பு) அணைக்கும் முன் பிட்லாக்கரை (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) யோசியுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். முதலில் போனில் அங்கே நுழைந்து, கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் பயாஸில் கைவையுங்கள்.