20 ஸ்ட்ரைக் அவுட்: பிட்சருக்கு மார்க் போடக் கற்றுக்கொள்ளலாம்

4-1-22-5 என்று பார்த்ததுமே பௌலர் பிய்த்து உதறியிருக்கிறார் என்று நமக்குப் புரிந்துவிடும். பேஸ்பால் ஸ்கோர்கார்டு மட்டும் ஏனோ முதலில் மிரட்டும். ஒரு பேப்பர், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலைதான்.

பழகுவதற்கு 1998 மே 6-ம் தேதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இடம் சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட். கப்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசியவர், கெர்ரி வுட், வயது 20, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் அவருக்கு அது ஐந்தாவது ஆட்டம்தான். எதிரே பிஜியோ, பேக்வெல், அலூ என்று பெரிய கைகளாக வரிசை கட்டி நின்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், அந்த வருடம் 102 ஆட்டம் ஜெயித்த அணி. வுட் வீசிய முதல் பந்து கேட்சரைத் தாண்டி அம்பயரின் முகமூடியில் போய் அடித்தது. பையன் பதற்றத்தில் இருக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். அப்புறம் வந்த முதல் ஐந்து பேரும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி, பந்தை ஒழுங்காக அடிக்க முடியாமலே வெளியே!

முதல் வேலை, அவருடைய வரியை எழுதிக்கொள்வது. 9 இன்னிங்ஸ், 1 ஹிட், 0 ரன், 0 வாக், 20 ஸ்ட்ரைக் அவுட். (ஹிட் என்றால் பேட்டர் பந்தை அடித்துவிட்டு, ஓடி எட்ட வேண்டிய இடமான பேஸைப் பிடிப்பது; வாக் என்றால் நான்கு பந்து தப்பாக வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது. இன்னிங்ஸ் 6.2 என்று இருந்தால் ஆறு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் என்று அர்த்தம், நம்ம ஓவர் கணக்கு மாதிரியே.)

அடுத்தது மார்க். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் உருவாக்கிய ‘கேம் ஸ்கோர்’ என்கிற கணக்கு இது. 50-ல் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு அவுட்டுக்கும் 1 கூட்டினால் (இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) 27 சேர்ந்து 77. நான்காவது இன்னிங்ஸுக்குப் பிறகு முழுதாக முடித்த ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் 2, அதாவது ஐந்துக்கு 10, ஆக 87. ஸ்ட்ரைக் அவுட்டுக்குத் தலா 1, இப்போது 107. இனி கழித்தல்: ஹிட்டுக்கு 2, வாக்குக்கு 1, பிட்சர் தலையில் விழும் ரன்னுக்கு 4, ஃபீல்டர் தப்பால் வந்த ரன்னுக்கு 2. வுட்டுக்கு ஒரே ஒரு ஹிட், எனவே 105.

இது எவ்வளவு பெரிய எண் என்று தெரிய இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். 1956 வேர்ல்ட் சீரிஸில் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) டான் லார்சன் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் முடித்த பெர்ஃபெக்ட் கேம் இருக்கிறதே, அதையே போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரைக் அவுட் 7தான், எனவே 94. எனக்கு இது முதலில் அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் மட்டையில் பட்ட பந்து அவுட்டாக வேண்டுமென்றால் ஃபீல்டரின் கையும் சரியாக இருக்க வேண்டும்; ஸ்ட்ரைக் அவுட்டில் அந்தச் சிக்கல் இல்லை. வுட் கொடுத்த அந்த ஒரே ஹிட்டே இதற்குச் சாட்சி. மூன்றாவது இன்னிங்ஸில் ரிக்கி குட்டியரெஸ் தரையோடு தட்டிய பந்து, மூன்றாம் பேஸில் நின்ற கெவின் ஓரியின் கிளவுஸில் பட்டு நழுவியது. ஸ்கோரர் அதை ‘எரர்’, அதாவது ஃபீல்டர் தப்பு, என்று எழுதியிருந்தால் மார்க் 107, ஆட்டமும் ஒரு ஹிட்கூட இல்லாத நோ-ஹிட்டர். என்னைக் கேட்டால் ஓரி பிடித்திருக்கலாம்.

இந்தக் கணக்குக்குக் கண் தெரியாத விஷயங்களும் உண்டு. பிஜியோ மேல் ஒரு பந்து பட்டு அவர் சும்மா பேஸுக்குப் போனார், அதற்குக் கழிவே கிடையாது. வீசிய 122 பந்துகளும் கணக்கில் வராது. அடுத்த வருடம் முழுக்க வுட் முழங்கை அறுவை சிகிச்சையால் ஆடவில்லை. அதற்காக இந்த ஓர் ஆட்டத்தின் மேல் பழி போட முடியாதுதான், ஆனாலும் பந்து எண்ணிக்கையை ஓரத்தில் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

சரி, இப்போது நீங்களே ஒன்று போடுங்கள். 2016 மே 11, மேக்ஸ் ஷெர்சர், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக: 9 இன்னிங்ஸ், 6 ஹிட், 2 ரன் (இரண்டுமே அவர் கணக்குதான்), 0 வாக், அதே 20 ஸ்ட்ரைக் அவுட். விடை 87. வரவில்லையென்றால் ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து எண்ணினீர்களா என்று பாருங்கள், நான் முதல் தடவை கோட்டை விட்டது அங்கேதான்.