ட்ரெய்லர் எலக்ட்ரிக் பிரேக் பிடிக்கலையா? கன்ட்ரோலர மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

அமெரிக்கா, கனடா பக்கம் கேம்பிங் ட்ரெய்லர் இழுத்துட்டு போறவங்களுக்கான பதிவு இது. பிரேக் சரியா பிடிக்கலன்னதும் நிறைய பேர் புது கன்ட்ரோலர் (வண்டிக்குள்ள இருந்து ட்ரெய்லர் பிரேக்குக்கு கரண்ட் அனுப்புற பாக்ஸ்) ஆர்டர் போட்டுடுறாங்க, ஆனா கோளாறு பெரும்பாலும் பின்னாடி வயர்லதான் இருக்கும்.

விஷயம் சிம்பிள். டிரம்முக்குள்ள ஒரு மேக்னட் இருக்கு, கரண்ட் போனா அது சுத்துற டிரம்ல ஒட்டி இழுபடும், அந்த இழுப்புல ஒரு லீவர் நகர்ந்து ஷூவ விரிக்கும். கரண்ட் குறைஞ்சா பிடியும் குறையும், அவ்ளோதான்.

முதல்ல சக்கரத்துக்கு கட்டை குடுங்க. அப்புறம் ட்ரெய்லர் பிளக் மாட்டுற, வண்டியோட 7 பின் சாக்கெட், அதுல நீலம் பிரேக்கு, வெள்ளை கிரவுண்டு (சில ட்ரெய்லர்ல கலர் மாறியிருக்கும், பின் இருக்குற இடத்த வச்சு பாருங்க). ஒருத்தர உள்ள உக்கார வச்சு கன்ட்ரோலர்ல கையால அமுக்குற லீவர முழுசா தள்ளச் சொல்லிட்டு அந்த ரெண்டு பின்னுக்கும் நடுவுல டெஸ்ட் லைட் போடுங்க. மீட்டர் மட்டும் போட்டா ஏமாந்துடுவீங்க, ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருக்குற வயர்ல கூட அது 12 வோல்ட் காட்டும், லோடு வந்தாதான் சாயம் வெளுக்கும். கம்பெனியிலயே ஃபிட் பண்ணி வர்ற கன்ட்ரோலர் சிலது ட்ரெய்லர் மாட்டாம வோல்டேஜே விடாது, அதுக்கு பயந்துடாதீங்க.

வண்டி பக்கம் ஓகேன்னா பிளக்க கழட்டிட்டு (இது முக்கியம், மாட்டியிருந்தா கன்ட்ரோலர் போயிடலாம்) பிரேக்அவே சுவிட்ச் (ஓட்டத்துல ட்ரெய்லர் கழண்டா தானா பிரேக் போடுற சுவிட்ச்) பின்ன இழுங்க. இப்ப ட்ரெய்லர் பேட்டரியே நேரா பிரேக்குக்கு கரண்ட் குடுக்கும். டிசி கிளாம்ப் மீட்டர (வயர வெட்டாம சுத்தி மாட்டி ஆம்ப் பாக்குறது) எடுத்து, ஜங்ஷன் பாக்ஸுல இருந்து ஆக்ஸிலுக்கு போற நீல வயர்ல மாட்டுங்க. சாதா மல்டிமீட்டர்ல 10 ஆம்ப் ஃபியூஸ்தான் இருக்கும், எரிஞ்சிடும். 10, 12 இன்ச் டிரம்னா ஒரு மேக்னட் சுமார் 3 ஆம்ப் இழுக்கும், ஆக நாலு சக்கரத்துக்கு 12 கிட்ட வரணும். 9 காட்டுனா ஒரு சக்கரம் அவுட். 6ன்னா ஒரு ஆக்ஸிலே போயிருக்கலாம். 20க்கு மேல ஏறுனா எங்கயோ ஷார்ட். மொத்தமா கொஞ்சம் கொஞ்சம் குறையுதுன்னா கிரவுண்ட் போல்ட்ட பாருங்க, ஃப்ரேம்ல துரு ஏறி கிடக்கும், கழட்டி பளபளன்னு தேய்ச்சு திருப்பி முறுக்குங்க. பார்த்ததும் பின்ன சொருகிடுங்க, ரொம்ப நேரம் விட்டா மேக்னட் சூடாகும், பேட்டரியும் இறங்கிடும்.

எந்த சக்கரம்னு கண்டுபிடிக்க, டிரம் பின்னாடி இருக்குற ரெண்டு வயரையும் பிரிச்சு ஓம் பாருங்க. சுமார் 3.2 ஓம் வரணும். ஒரு வயருக்கும் பின்தகட்டுக்கும் நடுவுல கரண்ட் போற தொடர்பே காட்டக்கூடாது, காட்டுனா மேக்னட் உள்ள ஷார்ட், மாத்திடுங்க.

மேக்னட் எல்லாம் நல்லா இருந்தும் பிரேக் வந்து வந்து போகுதா? எனக்கு சந்தேகம் எப்பவும் ஆக்ஸில் குழாய் மேலதான். ஒரு சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு போற வயர அதுக்குள்ளதான் விட்டிருப்பாங்க, ஓட்டத்துல அது உராய்ஞ்சு உராய்ஞ்சு தோல் உரிஞ்சு இரும்புல படும், வண்டி நிக்கும்போது ஒண்ணுமே தெரியாது. உள்ள இருக்குறத இழுத்து மல்லுக்கட்டாம புது வயர ஆக்ஸிலுக்கு வெளியில ஓட்டி நல்லா கட்டிடுங்க, ஜாயிண்ட்டுக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி இறுகுற குழாய்) போடுங்க, வெறும் டேப் ஒரு மழைக்கு தாங்காது.

முடிஞ்சதும் காலி பார்க்கிங்ல 25 மைல் வேகத்துல போய் கன்ட்ரோலர் லீவர தள்ளுங்க, சக்கரம் லாக் ஆனா கன்ட்ரோலர்ல கெயின (பிரேக்குக்கு எவ்ளோ கரண்ட் போகணும்ங்கிற செட்டிங்) குறைங்க.